முதல் வாய் அத்தானுக்கு

எங்கள் வீட்டில் காளான் சமைத்தால் அதைச் சாப்பிட ஒரு முறை உண்டு. சமைத்தவர் முதலில் சாப்பிடுவார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அரை மணி நேரம் கழித்தும் அவர் உயிரோடு இருந்தால் நாங்கள் தட்டை எடுப்போம்.

கேட்பவர்கள் எங்களைக் கொலைகாரக் குடும்பம் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த முறையைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை, சாட்சாத் அவரேதான். அவர் என் அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர், எனக்கு அத்தான். அக்கா அவரை "ஏங்க" என்பாள். அந்த "ஏங்க"வை எவ்வளவு நீளம் இழுக்கிறாள் என்பதை வைத்து அவர் செய்த குற்றம் பெரிதா சிறிதா என்று மாடியில் குடியிருக்கும் நானே சொல்லிவிடுவேன்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கல்யாணத்தன்றே ஆரம்பிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து முதல் கவளத்தைக்கூட எடுக்கவில்லை, மண்டபத்து லிஃப்டில் போட்டோகிராபர் மாட்டிக்கொண்டார் என்று சத்தம் வந்தது. "இதோ, ரெண்டு நிமிஷம்" என்று எழுந்த மாப்பிள்ளை, மண்டபத்து ஆட்கள் மேசையைத் துடைத்து நாற்காலிகளை மடக்கிய பிறகுதான் திரும்பி வந்தார். புதுச் சட்டை முழுக்கக் கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒண்ணுமில்ல, கதவு சென்சார்ல தூசி" என்று என் அப்பாவிடம் விளக்கினார். அப்பா ஏதோ பரிசமாகக் கிடைத்த தகவல் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அக்கா அன்றைக்குத் தனியாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் அதே கதைதான். ஊரில் எவனாவது ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் தொங்கினால், எங்கள் அத்தானின் சாப்பாடும் பாதியில் தொங்கும். போன் அடிக்கும், கையைக் கழுவுவார், ஓடுவார். அக்கா தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "லிஃப்ட்ல மாட்டினவங்க எல்லாம் இவர் குரலைக் கேட்டுக் கேட்டு இவருக்குச் சொந்தமே ஆயிட்டாங்க. நான்தான் இன்னும் வெளியாளு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் சொல்வாள்.

பிறகு ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கால் தவறி முழங்கால் பிசகியது. ஆபரேஷன், கட்டு, கைத்தடி எல்லாம் முடிந்து, இனிமேல் ஏணி ஏறக் கூடாது என்று கம்பெனி அவரை ஆபீசில் புகார் போனுக்கு முன்னால் உட்கார வைத்தது. யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டு வேறு பையன்களை அனுப்புகிற வேலை. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடலாம். அக்காவுக்கு உள்ளூர ஒரே குஷி. இனி மனிதர் வீட்டில் இருப்பார், நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்தாள்.

வீட்டில் இருந்தார். பேச்சுத்தான் வரவில்லை. அணைத்து வைத்த டிவி மாதிரி ஹாலில் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க "பதறாதீங்க சார், கதவத் திறக்க முயற்சி பண்ணாதீங்க மேடம்" என்று சொல்லிச் சொல்லி இருந்த வார்த்தைகளையெல்லாம் ஆபீசிலேயே தீர்த்துவிட்டு வருகிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் காளான் வந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், தன்னை மூன்று முறை லிஃப்டிலிருந்து மீட்ட நன்றிக்கு, சிப்பிக் காளான் விதைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, வளர்க்கும் வழியையும் சொல்லி அனுப்பினார். நன்றி சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளியலறை இன்றும் குளிக்கிற இடமாகவே இருந்திருக்கும்.

அக்காவின் பெரிய பாத்திரத்தில் வைக்கோலை வேகவைத்தார். வீடு முழுக்க மாட்டுக்கொட்டகை வாசம். வெந்ததை வடித்து, ஈரம் சொட்டாமல் உலர்த்தி, பிளாஸ்டிக் பைகளில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு பிடி விதை என்று மாற்றி மாற்றித் திணித்து, வாயைக் கட்டி, துணி காயப்போடும் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டார். குளியலறைக் கதவில் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பலகை ஒன்று ஏறியது: 'பராமரிப்பில் உள்ளது. பயன்படுத்த வேண்டாம்.' உள்ளே போவதென்றால் கைகால் கழுவ வேண்டும், சென்ட் போட்டிருக்கக் கூடாது, கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். நான் ஒரு தடவை உள்ளே தும்மிவிட்டேன். அதற்கு அத்தான் பார்த்த மாதிரி என் மாமியார்கூட என்னைப் பார்த்ததில்லை.

பைகள் வெள்ளை பூத்தன. நூல் நூலாக வைக்கோலை இறுக்கிக்கொண்டு, பஞ்சு மூட்டை போல ஆயின. அத்தான் பிளேடால் கீறல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். கூடவே பேச்சும். "என்னடா, உனக்கு மட்டும் என்ன சுணக்கம்? பக்கத்துல இருக்கிறவனப் பாரு" என்று உள்ளே குரல் கேட்கும். பெண்டாட்டியிடம் பேசாத பேச்சையெல்லாம் பைகளிடம் பேசினார் மனிதர். அக்கா வெளியே துணி மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு காலை கீறல்களிலிருந்து குட்டிக் காதுகள் மாதிரிக் கொத்துக் கொத்தாகக் காளான் எட்டிப் பார்த்தது. இரண்டொரு நாளில் கை அகலத்துக்கு விரிந்தது. கொத்தை அடியோடு பிடித்து மெல்லத் திருகினார், கையோடு வந்தது. அன்று முதல் தடவையாக அவரே சமைத்தார். அது வரைக்கும் அத்தான் அடுப்பில் வைத்து இறக்கியது வெந்நீர் மட்டுந்தான்.

மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். அத்தான், அக்கா, காலேஜில் படிக்கும் அவர்கள் மகள், நான். வெண்ணெயும் பூண்டும் மிளகும் சேர்ந்து எழுப்பிய வாசனையில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. நான் கரண்டியை நீட்டினேன். அப்போதுதான் அத்தான் அந்தப் பொன்னான வாக்கியத்தைச் சொன்னார்.

"யாரும் கை வைக்காதீங்க. முதல்ல நான் சாப்பிடுறேன். அரை மணி நேரம் பாப்போம். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீங்க சாப்பிடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

அவர் மேல் தப்பில்லை, அது தொழில் புத்தி. லிஃப்டைப் பழுது பார்த்தால் பழுது பார்த்தவன்தான் முதலில் தனியாக ஏற வேண்டும். உச்சி மாடி வரை போய்க் கீழே வந்து, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் மற்றவர்களை ஏற்ற வேண்டும். அது அவருக்கு மரியாதை, வந்த விருந்தாளிக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுப்பது மாதிரி. ஆனால் எங்களுக்கு? அந்த நொடி வரை காளான் சாப்பிட்டால் ஏதாவது ஆகலாம் என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் இல்லை. அக்கா வேலை பார்ப்பதோ மருந்துக்கடையில். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக் கதைப்புத்தகம் போலப் படிக்கிறவள். அவள் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் ஆகலன்னாவா? அப்ப ஆகவும் செய்யுமாங்க?"

"இல்லம்மா, இது ஒரு முறைக்கு..."

"முறையெல்லாம் இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க. நாங்க பாக்குறோம்."

அன்று பிடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் அதே சடங்கு. மகள் செல்போனில் நேரம் வைப்பாள். அக்கா நடுநடுவே அவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள், "நாக்க நீட்டுங்க" என்பாள். எழுந்து நடமாடக் கூடாது, மயக்கம் வந்தால் தெரியாமல் போய்விடுமாம். எதிர்வீட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் குடியிருந்தார். வெண்ணெய் வாசனை தெருவுக்குப் போனதுமே அவர் எங்கள் வாசல் கேட் அருகே வந்து, "என்ன லிஃப்ட்காரரே, இன்னைக்குக் காளானா? அப்ப வண்டிய உங்க வாசல்லயே விட்டுடட்டுமா?" என்பார். அத்தானும் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டுக்கு மேலே ஏறாது.

இதில் யாருக்குக் கஷ்டம் என்றால், அவருக்குத்தான். ஏனென்றால் போகப் போக அவருக்குச் சமையல் பிடிபட்டுவிட்டது. காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைப்பார். கத்தி படாமல் கையாலேயே நாராகக் கிழிப்பார். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு வெறும் காளானைப் போட்டு, அது விடுகிற தண்ணீர் சுண்டும் வரை உப்பைக் கிட்டேயே கொண்டுவர மாட்டார். ஓரம் சிவந்ததும் வெண்ணெய், தட்டிய பூண்டு, கடைசியில் உப்பும் மிளகும். இறக்கிய கையோடு சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்பது அவர் கண்ணை மூடி மெல்லுவதைப் பார்த்தாலே தெரியும். அரை மணி நேரம் கழித்து எங்கள் தட்டுக்கு வரும்போது? வெண்ணெய் உறைந்து, காளான் தண்ணீர் விட்டு, செருப்பு வார் போல ஆகியிருக்கும். திரும்பச் சூடுபண்ணினால் இன்னும் மோசம். நான் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருப்பவள். இதை மெல்லக் கொடுத்தே எங்கள் கிளினிக்குக்கு நாலு பேரை அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சமைத்தவருக்கு அது தெரியாதா? அத்தான் என்னென்னவோ செய்து பார்த்தார். சூப் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினார், அது ஃபிளாஸ்க் வாசனையைப் பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கிவந்து தன் காளானுக்குப் பக்கத்தில் வைத்து, "பாரு, ரெண்டும் ஒரே ஜாதி" என்று காட்டினார். "கடையில வாங்கினா கடைக்காரன் பொறுப்பு. இதுக்கு யார் பொறுப்பு?" என்று அக்கா கேட்டாள். முட்டையோடு கலந்து சொல்லாமல் போட்டுவிடுங்கள் என்று மகள் யோசனை சொன்னாள். அத்தானுக்கு வந்ததே கோபம்!

"சொல்லாம ஏத்துறதா? ஆளுக்குத் தெரியாம எதுலயும் ஏத்தக் கூடாது. அது தொழில் துரோகம்."

"அப்பா, இது ஆம்லெட்ப்பா."

"எதுவா இருந்தா என்ன?"

பிறகு ஒரு தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டே முட்டை போட்டுச் செய்தார், அதுவும் ஆறித்தான் எங்கள் தட்டுக்கு வந்தது. இவ்வளவிலும் ஒரு நல்லது நடந்தது. அரை மணி நேரம் எழக் கூடாது என்று உட்கார வைத்தால் மனிதர் என்ன செய்வார்? பேச ஆரம்பித்தார். சண்டை போட்டுக்கொண்டே லிஃப்டில் ஏறிய புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தபோது ஒரே வாழைப்பழத்தைப் பாதிப் பாதியாகத் தின்றுகொண்டிருந்த கதை. வாரா வாரம் நாலாவது மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று புகார் கொடுத்த வாலிபனின் கதை. லிஃப்டில் ஒரு கோளாறும் கிடையாது, நாலாவது மாடியில் ஒரு பெண் இருந்தாள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இதில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்டதில்லை. அக்கா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். நானும், உள்ளதைச் சொன்னால், காளானுக்காக அல்ல, இந்தக் கதைக்காகத்தான் மாடியிலிருந்து இறங்கி வருவேன். ஆனால் அத்தானுக்கு நினைப்பெல்லாம் சமையலறையில் மூடிவைத்த வாணலி மேல்தான். பேச்சின் நடுவே "ஆறுது, ஆறுது" என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் வாயை அசைத்துக்கொண்டிருந்தோம். ஆமாம், அசைத்துக்கொண்டுதான் இருந்தோம், அதைச் சாப்பிடுவது என்று சொல்ல முடியாது. "நல்லா இருக்கு அத்தான்" என்றேன். கிளினிக்கில் ஊசியைப் பார்த்து மிரள்கிறவர்களிடம் "வலிக்காது" என்று சொல்கிற அதே குரல் எனக்குத் தெரியாமலே வந்துவிட்டது. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒரு தடவையாவது எல்லாரும் ஒண்ணா உக்காந்து சூடாச் சாப்பிடணும்னு நெனச்சேன். நாந்தான் பேசிக் கெடுத்துட்டேன், யாரைச் சொல்றது? உள்ள ஒரே ஒரு பைதான் இன்னும் காய்க்கணும். அதோட நிறுத்திக்கிறேன். குளியலறையையும் காலி பண்ணிக் குடுத்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்த்தது. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கொத்து. அத்தான் காலையிலிருந்தே பேசாமல் வேலை செய்தார். துடைத்தார், கிழித்தார், வாணலியைக் காயவைத்தார். வாசனை மாடிக்கு ஏறிவந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தது. நான் இறங்கிவந்தபோது அவர் தன் பங்கைத் தட்டில் போட்டுக்கொண்டு பழக்கதோஷத்தில் ஹாலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடைசித் தடவையாவது சூடாக இருக்கட்டும் என்று வாணலியை மூடி, சிறு தீயில் விட்டிருந்தார்.

உட்கார்ந்தார், சாப்பிட்டார். மகள் நேரம் வைத்தாள். அன்றைக்கு அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம், அவர் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா, "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள். போனவள் வரவில்லை. எனக்குப் பசி. பசியோடு இருக்கும்போது எனக்குப் பொறுமை என்ற ஒன்று கிடையாது. கிணறு வெட்டித் தண்ணீர் எடுக்கிறாளா என்று பார்க்க எழுந்து போனேன்.

சமையலறையில் என் கூடப் பிறந்தவள், வீட்டின் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு வாணலியிலிருந்து கரண்டியால் எடுத்து, ஊதி, வாயில் போட்டு, சூடு தாங்காமல் "ஸ்ஸ்ஸ்" என்று குதித்து, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பல். என்னைப் பார்த்ததும் கரண்டியாலேயே "சத்தம் போடாதே" என்று சைகை காட்டினாள்.

நான் சத்தம் போட்டேன். "அத்தான்! இங்க வாங்க!"

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவர் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். கையும் களவுமாக நின்ற பெண்டாட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனாடி நீ?" என்றேன் நான். "எங்களையெல்லாம் செருப்பு வாரைத் தின்ன வெச்சுட்டு!"

அக்கா கஷ்டப்பட்டு விழுங்கினாள். அத்தான் என்னைக் கவனிக்கவே இல்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது தடவையிலேருந்து."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்தான்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பேன். அவரோ ஒரு எட்டு கிட்டே வந்து, பரீட்சை முடிவு கேட்கிற பையன் குரலில் கேட்டார். "சூடா எப்படிம்மா இருக்கு?"

"இன்னைக்கு உப்பு சரியா இருக்கு. போன தடவை பூண்டு கொஞ்சம் கருகிடுச்சு, நீங்க ஏதோ நெனப்புல இருந்தீங்க. அந்த முட்டை போட்டுச் செஞ்சீங்களே, அதுதாங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓரம் மொறுமொறுன்னு, உள்ள மெத்துனு. அன்னைக்கு வாணலியைக் கழுவ வேண்டிய வேலையே இல்ல. பாதி ஆம்லெட் எங்கன்னு நீங்க கேக்குறதுக்குள்ள நான் பேச்சை மாத்திட்டேன்."

அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு வார்த்தையையும் மென்று மென்று சாப்பிட்டார். இத்தனை மாதமும் தன் சமையலைச் சூடாகச் சாப்பிட ஓர் ஆள் இருந்திருக்கிறாள் என்பது அவருக்குள் இறங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியதும்தான் மற்றது ஞாபகம் வந்தது.

"அப்ப உனக்குப் பயமே இல்லையா?"

"மருந்துக்கடையில நிக்கிறவளுக்கு எது விஷம், எது சாப்பாடுன்னு தெரியாதாங்க? முதல் நாள் பயந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னதும் அன்னைக்கே போயிடுச்சு."

"அப்புறம் எதுக்கும்மா என்னை அரை மணி நேரம் உக்கார வெச்ச?"

"உக்கார வைக்கத்தான்."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"கல்யாணம் ஆனதிலேருந்து என் எதிர்ல நீங்க சேர்ந்தாப்பல அரை மணி நேரம் உக்காந்து பேசினதே இதுலதாங்க" என்றாள் அக்கா. கரண்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "அந்த வாழைப்பழக் கதை, நாலாவது மாடிக் கதை எல்லாம் நான் எப்பக் கேட்டேன்? பயம் போயிடுச்சுன்னு சொன்னா, மடமடன்னு சாப்பிட்டுட்டு எந்திரிச்சு அந்தப் பைங்ககிட்டப் போயிடுவீங்க. அதுங்களோட பேசுவீங்க. நான் துணி மடிச்சுக்கிட்டு வெளிய நின்னு கேக்கணும்."

அத்தான், அடுப்படியில் காய் நறுக்கும்போது உட்காருகிற முக்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். மிளகு காரம் என்று வைத்துக்கொள்வோம். அக்கா ஒரு தட்டில் காளானை அள்ளிவைத்து, பக்கத்து மேடையில் சாய்ந்து நின்று, அவருக்கும் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். ஆவி பறந்தது.

ஹாலிலிருந்து மகள், "சித்தி, நேரம் ஆயிடுச்சு! சாப்பிடலாமா?" என்று கத்தினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுடி" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

எனக்குப் பின்னால் அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு தடவை என்னாச்சு தெரியுமா? ஒரு கல்யாண வீட்டுல போட்டோகிராபர் ஒருத்தரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு..."

"அந்த மாப்பிள்ளையத் தெரியும் எனக்கு" என்றாள் அக்கா. "நீங்க சொல்லுங்க."

சமையலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் கரண்டி அப்படியே நின்றிருந்தது. தட்டில் காளான் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.